மூன்றடி

இருநூற்று முப்பத்தோரு கஜம்.
பலகையில் அப்படித்தான் இருக்கிறது.
கொடியைப் பின்னால் நட்ட நாளில் இருநூற்று நாற்பது.
தொம்லூர் பக்கமிருந்து காற்று எதிரே வந்தால்
என்னைக் கேட்காதீர்கள்.

நடுவில் பழைய கல்குவாரி
மழைத்தண்ணீர் நிரம்பி, பச்சையாய்,
மரியாதையாய்க் கிடக்கிறது.
இந்தக் கரையில் அடித்தால் அந்தக் கரையில் விழவேண்டும்,
பிறகு இரண்டு தட்டு.
மொத்தம் மூன்றடி.
மூன்றடிதானே என்று தலையாட்டிய
மகாபலிக்கு என்ன ஆனது
என்பதை ஷெட்டி சாருக்கு யாரும் சொல்லவில்லை போல.

நாலு, ஐந்து அடிக் குழிகளில்
முதல் அடி கோணினாலும்
இரண்டாவதில் சமாதானம் பேசலாம்.
பதினொன்றில் பேச்சு கிடையாது.
உன்னால் எவ்வளவு தூரம் என்று கேட்கும்,
ஒரே தடவை.
பின்னால் வரிசையில் நிற்கிற கூட்டம்
பதிலுக்குக் காது கொடுக்கும்.
குழி என்றால் நிலத்தை அளக்கிற கணக்கு என்பார்கள்;
இது ஆளை அளக்கிற குழி.

எட்டு வருஷமாய்ப் பை தூக்குகிறேன்.
எங்கள் பாஷையில் மட்டை இரண்டு வகை:
மரம், இரும்பு.
மரம் இப்போது மரமில்லை, அதுவும் ஏதோ உலோகம்தான்,
பெயரை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள்.
மரம் தூரம் போகும்.
மானம் இரும்பைத்தான் கேட்கும்.

"எஷ்டு, தாஸ்?" என்பார் ஷெட்டி சார்.
நண்பர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள்.
பன்னிரண்டு கஜம் குறைத்துச் சொல்வேன்.
நாலாம் இரும்பு கைமாறும்.
தண்ணீரில் வட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு
கரைக்கு வரும்வரை யாரும் பேசமாட்டார்கள்.
"காற்று சார்" என்பேன்.
"காற்றுதான்" என்பார்.
அந்தக் காற்றுக்கும் சேர்த்து
சாயங்காலம் ஐம்பது ரூபாய் அதிகம்.

தேச்சம்மா மேடம் பல் டாக்டர்.
எதையும் கேட்கமாட்டார்.
ஏழாம் இரும்பை உருவி, இடப்பக்க மேட்டில் போட்டு,
வறட்டுப் புல்லில் நிதானமாய் நடந்து போய்,
அங்கிருந்து ஒன்று, பிறகு ஒரு தட்டு.
சில நாள் மூன்று, பல நாள் நாலு.
அட்டையில் நாலு எழுதும்போது
சப்பாத்தி விலை எழுதுகிற முகம்.

திங்கட்கிழமை மைதானம் லீவு,
அன்று எங்களுக்கு.
முபாரக்கின் மூன்று மட்டை, என்னுடைய இரண்டு,
குட்டையில் காலால் துழாவி எடுத்த பந்துகள்.
சிலதில் ஷெட்டி சார் போட்ட சிவப்புப் புள்ளி
இன்னும் அழியவில்லை.

காற்று எதிரே. கொடி பின்னால்.
எவ்வளவு, ஆரோக்கியதாஸ்?
கேட்டவனும் நான், பையும் என் தோளில்.
முபாரக் பார்க்கிறான், முனிராஜ் பார்க்கிறான்,
புல் வெட்டும் வண்டியை அணைத்துவிட்டு
லூர்து பார்க்கிறான்.

இருநூற்று இருபத்தெட்டு என்று
எனக்கு நானே சொன்னேன், கூசாமல்.
நாலாம் இரும்பு.

பந்து கிளம்பிய அழகை மட்டும் சொல்கிறேன்.
யூகலிப்டஸ் உச்சியைத் தாண்டி ஏறி,
அங்கே ஒரு கணம்
யாரிடமோ வழி கேட்பது போல் நின்றது.

பிறகு வட்டங்கள்.

"காற்று" என்றான் முபாரக்.
சிரித்திருந்தால் பரவாயில்லை.
அவனும் தொழில்காரன்.

இடது மேடு காலியாய் வெயிலில் கிடந்தது.
ஏழாம் இரும்பைத் தொட்டுப் பார்த்தேன்,
ஒரு மேடம்கூட எதிரில் இல்லை, வெட்கமாயிருந்தது.
மறுபடி நாலு. மறுபடி நாலு.
இறங்கி எடுக்கப்போகிறவனும் நான்தானே.
ஐந்தாவது பந்து அக்கரை விளிம்பில் விழுந்து,
கொஞ்சம் யோசித்து,
உள்ளே போயிற்று.

செவ்வாய் காலை. ஷூ காயவில்லை.
"எஷ்டு, தாஸ்?"
பன்னிரண்டு கஜம் குறைத்தேன், வழக்கம்போல.
இந்தத் தடவை
ஐம்பது ரூபாய்க்காக இல்லை.